வரையறைக்குள் அடைபட்ட தோட்டம்: வட சிலாங்கூர் ஆய்வுகளில் காரணமும் விளைவும்

1901ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தபோது ஊரே காய்ச்சலில் கிடந்தது. அந்த ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1897 ஆகஸ்டில், செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். வாட்சன் அதை நம்பிச் செயலில் இறங்கினார். சதுப்பு நீரை வடிக்கச் செய்தார், புதர்களை வெட்டச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் தணிந்தது.

பிறகு அவர் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார். அங்கேதான் கணக்கு இடித்தது. கடலோரச் சமவெளித் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றியிருந்த காட்டை வெட்டி, வாய்க்கால் எடுத்து நீரை வடித்ததும் காய்ச்சல் ஓய்ந்தது. உட்பகுதி மலையடிவாரத் தோட்டங்களில் அதே வேலையைச் செய்தபோது ஓயவில்லை. பல இடங்களில் கூடியது. வாட்சன் இதை அறிந்துகொண்டது லயத்துப் பிள்ளைகளை வைத்து. ஒவ்வொரு தோட்டத்திலும் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நூற்றில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணிக் குறித்தார். சமவெளியில் அந்த எண் இறங்கியது. மலையில் இறங்க மறுத்தது.

விடை கொசுவின் இனத்தில் இருந்தது. சமவெளியில் நோயைப் பரப்பிய அனோபிலஸ் அம்புரோசஸ் நிழல் விழுந்த காட்டுச் சதுப்பில் பெருகும். காடு போனால் அதுவும் போகும். மலைப்பகுதியின் அனோபிலஸ் மாகுலாட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடையில் பெருகும். காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டவர்கள் அதற்கு இடம் அமைத்துக் கொடுத்திருந்தார்கள். ஆகவே மலைப்பள்ளத்து ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் வழியே விடும் முறை வந்தது. பின்னர் நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிக்கும் முறையும் வந்தது. இந்த அனுபவத்தை வாட்சன் 1911இல் நூலாக்கினார். இருபது ஆண்டு வேலையைத் தொகுத்த இரண்டாம் பதிப்பு 1921இல் வந்தது.

மருத்துவ வரலாற்றில் இது புகழ்பெற்ற செய்தி. கல்வித்துறை எழுத்தில் ஒரு கருத்தை எப்படி வரையறுப்பது என்ற கேள்விக்கும் சிலாங்கூர் மண்ணிலிருந்து கிடைக்கும் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இதுவே. விளைவை வைத்து வரையறுத்தால், நடுக்கம், சூடு, வீங்கிய மண்ணீரல் ஆகிய மூன்றும் இருக்கும் இடமெல்லாம் ஒரே நோய்தான். அதற்கு ஒரே மருந்துதான். காரணத்தை வைத்து வரையறுத்தால் கரையோரக் காய்ச்சலும் மலைக் காய்ச்சலும் இருவேறு சிக்கல்கள். ஆனால் காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, ‘காட்டுச் சதுப்பால் வரும் நோய்’ என்று முதலிலேயே வரையறுத்திருந்தால், மலைத்தோட்டத்துப் பிள்ளைகளின் மண்ணீரல் சொன்ன செய்தி வாட்சனின் காதில் ஏறியிருக்காது. காரணத்தைப் பற்றிய தன் ஊகம் ஓரிடத்தில் பொய்த்ததை அவர் கண்டுகொள்ள முடிந்தது, விளைவை அவர் தனியாக, ஊகத்தின் துணையில்லாமல் அளந்து வைத்திருந்ததால்தான்.

அந்தக் காலத்துத் தோட்டத் துரைமார் பலருக்கு வேறொரு விளக்கம் இருந்தது. புதுமண்ணைக் கிளறினால் காய்ச்சல் வரும் என்பார்கள். வந்திறங்கிய தமிழர்களின் உடல்வாகே பலவீனமானது, பழக்கம் சுத்தமற்றது என்றும் சொல்வார்கள். இரண்டும் காரணத்தைச் சொல்லும் வரையறைகள். முதலாவது பழியை மண்ணின்மீது போட்டது, இரண்டாவது செத்தவன்மீது போட்டது. ஓராண்டில் தொழிலாளரில் ஐந்தில் ஒரு பங்கை இழந்த தோட்டங்களும் இருந்த காலம் அது. காரணம் என்ற பெயரில் எதைச் சொல்கிறோம் என்பதில் இத்தனை பேரின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

வாட்சனின் விளக்கத்துக்கும் எல்லை உண்டு. கொசுவோடு நின்றுவிட்டால், ரப்பர் விலை ஏறிய அவசரத்தில் குடிநீரும் மருத்துவமனையும் இல்லாமல் தோட்டத்தைத் திறந்தவர்கள், பஞ்சத்தில் நலிந்த உடலோடு வந்தவர்களை முதல் நாளே காட்டு வேலைக்கு அனுப்பியவர்கள் ஆகியோர் காரணப் பட்டியலுக்கு வெளியே போய்விடுகிறார்கள். லெனோர் மாண்டர்சன் 1996இல் வெளியிட்ட காலனிய மலாயாவின் நோயும் அரசும் பற்றிய நூல் இந்த இடத்தைத்தான் தோண்டுகிறது. சுகாதாரத்துறை எதை நோய் என்று எண்ணியது, எதை எண்ணவில்லை என்பதில் உழைப்பின் தேவை எவ்வளவு கலந்திருந்தது என்று அவர் காட்டுகிறார். காரணச் சங்கிலியில் எந்தக் கண்ணியில் நிறுத்துகிறோம் என்பதும் ஆய்வாளரின் முடிவுதான். அந்த முடிவைச் சொல்லிவிட்டுச் செய்தால் நேர்மை; சொல்லாமல் செய்தால் அது வரையறைக்குள் ஒளிந்துகொள்ளும்.

மலேசியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் முதல் இயலில் ‘செயற்பாட்டு வரையறை’ என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். உலு சிலாங்கூரின் எல்லையில் பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் வரும் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கும் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையிலும் பயிலும் மாணவர்கள் வறுமை, கல்வித் தேர்ச்சி, இடப்பெயர்வு என்ற சொற்களை இந்தப் பகுதியில்தான் வரையறுக்கிறார்கள். இந்த மரபு இயற்பியலாளர் பிரிட்ஜ்மன் 1927இல் முன்வைத்த கருத்திலிருந்து கிளைத்தது: ஒரு கருத்தின் பொருள் அதை அளக்கும் செயலில் இருக்கிறது. அளக்கக்கூடியது பெரும்பாலும் விளைவு. ஆக, இந்த மரபில் எழுதுபவர் தம்மையறியாமலே விளைவுப் பக்கம் சாய்கிறார்.

இதற்கு நேரெதிர் மரபு மிகப் பழையது. ஒன்று என்ன என்று கேட்பதும் அது ஏன் என்று கேட்பதும் ஒன்றே என்றார் அரிஸ்டாட்டில். சந்திர கிரகணம் என்றால் நிலவு இருளுதல் என்று சொன்னால் போதாது. பூமி இடையில் வந்து மறைப்பதால் நிலவு ஒளியிழத்தல் என்று சொன்னால்தான் வரையறை முழுமை. 1897இல் தற்கொலையைப் பற்றி எழுதிய எமில் துர்கைம் அதன் வகைகளை வெளித்தோற்றத்தால் பிரிக்காமல் சமூகக் காரணத்தால் பிரித்ததும் இந்த வழியில்தான்.

தமிழிலும் இந்தப் பிரச்சினை அலசப்பட்டிருக்கிறது. மணிமேகலையின் சமயக்கணக்கர் பகுதியில் அனுமானம் மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. அவற்றில் இரண்டு இங்கே பொருந்தும். ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது என்று அறிவது எச்சம். கருத்த முகிலைக் கண்டு மழை வரும் என்று அறிவது முதல். விளைவிலிருந்து காரணத்துக்குப் போவதும் காரணத்திலிருந்து விளைவுக்குப் போவதும் வெவ்வேறு வேலைகள், இரண்டிலும் தவறும் விதம் வேறு என்ற தெளிவு அதில் இருக்கிறது. சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்தில் வெள்ளம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கீழே நிற்பவனுக்குத் தெரிவது வெள்ளம் மட்டுமே. மேலே பெய்தது மழையா, திறந்துவிட்டது அணையா என்பது இன்னொரு விசாரணை.

காரணத்தை அவசரப்பட்டு வரையறைக்குள் நுழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே காலத்து மலாயாவில் இன்னொரு நோய் சாட்சி. பெரிபெரி சீனத் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. தமிழர்களிடம் அது அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் வேறுபாட்டை உணவில் கண்டார். தமிழர் உண்டது புழுங்கலரிசி, சீனர் உண்டது தீட்டிய வெள்ளையரிசி. இந்தக் கவனிப்பு முழுக்கச் சரி. ஆனால் தீட்டி வைத்த அரிசியில் ஒரு நச்சு உண்டாகிறது, பெரிபெரி என்பது அந்த நச்சால் விளைவது என்று அவர் 1907இல் வாதிட்டார். அது தவறு. அரிசியில் கூடியது எதுவும் இல்லை, தவிட்டோடு போனது ஒன்று இருக்கிறது என்பதைக் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் அடுத்த சில ஆண்டுகளில் நிறுவினார்கள். ‘அரிசி நச்சு நோய்’ என்று பெயர் நிலைத்திருந்தால், நச்சைத் தேடும் வேலையே ஒரு தலைமுறை நீண்டிருக்கும். காரணம் சார்ந்த வரையறையின் ஆபத்து இது: காரணம் தவறாக இருந்தால் பெயரும் சேர்ந்து தவறாகி, தவறைத் திருத்தப் பெயரையே உடைக்க வேண்டிவரும்.

நோயில் இந்தச் சண்டையைச் சோதனைக்கூடம் தீர்த்து வைத்தது. மனிதரைப் பற்றிய கருத்துகளில் அந்த வசதி இல்லை. அங்கே வரையறை பெரும்பாலும் தீர்ப்பாகவே வந்து இறங்குகிறது.

கங்காணி முறையை எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்த பின், ஆள் சேர்ப்பது பெரும்பாலும் கங்காணிகளின் கையில் இருந்தது; 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை அது நீடித்தது. சட்டப்படி கங்காணியோடு வந்தவர் ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வெளியேறலாம். எப்படி வந்தார், எந்தச் சட்டத்தின்கீழ் வந்தார் என்ற தொடக்கத்தை வைத்து வரையறுப்பவர்களுக்கு இது ‘சுதந்திர உழைப்பு’. ஹ்யூ டிங்கர் 1974இல் கடல்கடந்த இந்திய உழைப்பைப் புதிய அடிமைமுறை என்றே தலைப்பிட்டு எழுதினார். அவர் பார்த்தது விளைவை: கடன், கட்டுப்பாடு, வெளியேறினாலும் போக இடமின்மை. 1969இல் வந்த கர்னைல் சிங் சாந்துவின் பெரும் ஆய்வு குடியேற்றத்தின் எண்ணிக்கையையும் வழிகளையும் நுணுக்கமாகத் தந்தது. எல்லாரும் பேசுவது ஒரே மக்களைப் பற்றி. இந்த நூல்களைப் பக்கத்தில் வைத்துப் படிக்கும் மாணவர், இவர்கள் உண்மையில் எங்கே முரண்படுகிறார்கள் என்று தேடினால், தரவில் முரண்பாடு குறைவு என்பதைக் காண்பார். வரையறையின் எந்த முனையில் நிற்கிறார்கள் என்பதில்தான் பெரும் பங்கு இருக்கிறது.

1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம் இதைவிடக் கூர்மையான வழக்கு. கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய அந்தப் போராட்டத்தில், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். கூலி மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கத் தேவையில்லாத உரிமை, பிள்ளைகளுக்குப் படிப்பு, சரியான மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் அத்துமீறுவதற்கு முற்றுப்புள்ளி, அடித்து நடத்தும் கிராணிமாரை (தோட்ட எழுத்தர்களை) நீக்குதல், சங்கம் வைக்கும் உரிமை ஆகியவையும் பட்டியலில் இருந்தன. மே மாதத் தொடக்கத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டதும் போராட்டம் கொதித்தது. படை இறக்கப்பட்டது, அவசரநிலை வந்தது, ஐந்து தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

காலனிய நிர்வாகம் இதை வெளியார் தூண்டிய கலகம் என்று வரையறுத்தது. காரணம்: கிளர்ச்சியாளர். விளைவு: ஒழுங்கின்மை. இந்த வரையறைக்குள் சைக்கிள் கோரிக்கைக்கு இடமே கிடையாது. ஏனென்றால் தூண்டிவிடப்பட்டவருக்குச் சொந்தமாகக் காரணம் இருக்க முடியாது. நாற்பது ஆண்டு கழித்து மைக்கேல் ஸ்டென்சன் 1980இலும் எச். ஈ. வில்சன் 1981இலும் இதைத் திரும்ப எழுதியபோது, போர்க்காலத்தில் ஏறிய ரப்பர் வருமானம், ஏறாத கூலி, தோட்டத்து மரியாதைச் சட்டங்கள், இந்தியத் தேசிய உணர்வு ஆகியவற்றைக் காரணச் சங்கிலியில் சேர்த்தார்கள். அதற்கும் முன், 1936 இறுதியில் மலாயாவுக்கு வந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியின் அறிக்கை கூலியையும் வாழ்நிலையையும் பற்றி எழுதியது இருந்தது. நிர்வாகத்தின் மேசையில் அது இல்லாமல் போகவில்லை. வரையறை அதைப் பார்க்கவிடவில்லை.

வறுமைக்கு வருவோம். இந்த விவாதம் முழுவதும் வந்து சேரும் இடம் அதுதான்.

பொருளியல் அறிஞர் உங்கு அப்துல் அஜிஸ் வறுமையை இரண்டு விதமாகவும் எழுதியவர், அதுவும் இரண்டையும் கலக்காமல் எழுதியவர். வீட்டிலுள்ள சாரோங்குகளின் எண்ணிக்கையை ஆள் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் அவருடைய சாரோங் குறியீடு விளைவை அளக்கும் கருவி. எளிமையானது, பொய் சொல்ல இடமில்லாதது, கதவுக்கு வெளியே கொடியில் காயும் துணியிலேயே பாதி விடை தெரிந்துவிடும். மலாய்க் கிராமங்களுக்காக உருவான அதைத் தமிழர் லயத்திலும் எண்ணிப் பார்த்திருக்கலாம்; கைலி காயாத லயம் ஏது? அதே அறிஞர் 1964இல் கிராமப்புற வறுமையைப் பற்றி எழுதியபோது குறைந்த உற்பத்தித்திறன், சுரண்டல், புறக்கணிப்பு ஆகிய மூன்றையும் காரணங்களாக வைத்தார். சாரோங் எண்ணிக்கையில் சுரண்டல் இல்லை. சுரண்டல் பற்றிய வாதத்தில் சாரோங் இல்லை. இரண்டையும் பிறகு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். பொருந்தாவிட்டால் வாதத்தை மாற்றிக்கொள்ளலாம். தோட்டத்தைப் பற்றி எழுத வரும் எந்த மாணவருக்கும் இதைவிட நல்ல முன்மாதிரி இந்த நாட்டில் இல்லை.

அரசின் வறுமைக்கோடு விளைவு வரையறையின் வேறொரு முகத்தைக் காட்டுகிறது. 1970இல் தீபகற்ப மலேசியாவின் வறுமை விகிதம் 49.3 விழுக்காடு. 2016இல் நாடு முழுவதற்கும் அது 0.4 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. உண்மையான முன்னேற்றம் அதில் பெரும்பகுதி. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் கோடு பழையது. 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாட்டுச் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து, இந்தக் கணக்கு வறுமையைக் குறைத்துக் காட்டுகிறது என்றார். அடுத்த ஆண்டு குடும்ப மாத வருமானக் கோடு சராசரி 980 ரிங்கிட்டிலிருந்து 2,208 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. புதிய கோட்டின்படி 2016இன் விகிதம் 7.6 விழுக்காடு, 2019இன் விகிதம் 5.6 விழுக்காடு.

ஒரு வீட்டை வைத்து இதைப் பார்க்கலாம். 2019இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,100 ரிங்கிட். செம்பனைத் தோட்டத்தில் ஒருவர் மட்டும் வேலைக்குப் போகும் குடும்பம் பழைய கோட்டுக்கு மேலே. ஆக, ஏழை இல்லை. புதிய கோட்டில் அது பாதியளவில் நிற்கிறது. அந்த வீட்டில் எதுவும் மாறவில்லை. அரிசியின் அளவும் மாறவில்லை, பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் மாறவில்லை. ‘தோட்டத்தில் வறுமை ஒழிந்துவிட்டது’ என்று அதற்கு முந்தைய ஆண்டுகளில் எழுதிய ஆய்வேடு பொய் சொன்னதா? எண்ணில் பொய் இல்லை. எந்தக் கோட்டை வரையறையாக எடுத்தோம், அந்தக் கோடு எப்போது, எதற்காக வரையப்பட்டது என்பதை எழுதாததில் இருக்கிறது குறை.

இனி தோட்டம் கைமாறிய கதை. 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் சிறு துண்டுகளாக மறுபடி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை ஆராய்ந்து 1963இல் விரிவான அறிக்கை தந்தவரும் உங்கு அஜிஸ்தான். புள்ளிவிவரக் கணக்கில் தோட்டம் என்றால் 100 ஏக்கரும் அதற்கு மேலும். துண்டாடிய பின் அந்த நிலம் தோட்டமே இல்லை. அதில் வேலை செய்பவர் தோட்டத் தொழிலாளர் கணக்கிலும் இல்லை. அதாவது, பாதிப்பு எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்குப் பாதிக்கப்பட்டவர்கள் அட்டவணையிலிருந்து மறைந்துபோனார்கள். நிலப்பரப்பை வைத்துச் செய்த வரையறை, விளைவை அளக்கும் கருவியையே உடைத்தது. இதற்கு எதிர்வினையாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் மாதம் பத்து ரிங்கிட்டாகக் கட்டிய பணத்தில் தோட்டங்களை வாங்கத் தொடங்கியது. முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். துண்டாடலைச் சந்தை நிகழ்வாகச் சம்பந்தன் எடுத்துக்கொள்ளவில்லை. உடைமை இல்லாததே காரணம் என்று எடுத்துக்கொண்டார். அதற்கேற்ற மருந்து அது.

வட சிலாங்கூரில் இன்னொரு மாற்றம் மெல்ல நடந்தது. கோல சிலாங்கூர் மாவட்டத்தின் பத்தாங் பெர்ஜுந்தாயில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கியது அங்கேதான். 1960களுக்குப் பிறகு பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட இடங்களில், ஏக்கருக்குத் தேவைப்படும் கைகள் குறைந்தன. பிறகு வீடமைப்பு வந்தது, நெடுஞ்சாலை வந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள்.

இப்படி வெளியேறியவர்களைக் குறிக்க ஆய்வுகளில் இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. நகர ஓரத்தில் அனுமதியின்றிக் குடிசை போட்டவர் என்ற முறையில் அவர்கள் புறம்போக்குக் குடியிருப்பாளர்கள். தோட்டத்திலிருந்து அகற்றப்பட்டவர் என்ற முறையில் அவர்கள் இடம்பெயர்க்கப்பட்டோர். முதல் பெயர் விளைவைச் சொல்கிறது, அந்த விளைவு குற்றமாகவும் இருக்கிறது. இரண்டாவது காரணத்தைச் சொல்கிறது. ஒரே குடும்பம், ஒரே கூரை. முதல் பெயரில் எழுதிய கட்டுரை குடிசை அகற்றலில் போய் முடியும். இரண்டாம் பெயரில் எழுதியது இழப்பீட்டில் போய் முடியும்.

சட்டம் இந்த இழப்பை எப்படி வரையறுக்கிறது? 1980ஆம் ஆண்டுப் பணிநீக்கப் பயன் விதிமுறைகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி. முப்பது ஆண்டு உழைத்தவருக்கு 600 நாள் கூலி. இங்கே இழப்பு என்பது வேலை இழப்பு மட்டுமே. பாட்டன் காலத்திலிருந்து குடியிருந்த லயத்து வீடு கணக்கில் இல்லை. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் வீட்டின் தரத்தைப் பேசுகிறது, ஆனால் வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் சாவியும் போகும். மாரியம்மன் கோயில், சுடுகாடு, ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி எதுவும் கணக்கில் இல்லை. மூன்று தலைமுறை வாழ்ந்த ஊர் போனதை ஓர் ஊழியரின் பணி முடிவாக வரையறுத்த பிறகு, இழப்பீடு போதவில்லை என்று வாதிடுவதற்கே இடம் குறைந்துவிடுகிறது. உலு சிலாங்கூரில் நைகல் கார்ட்னர், புக்கிட் தகார், சுங்கை திங்கி, மேரி, மிஞ்ஞாக் என்ற ஐந்து தோட்டங்களின் மக்கள் வீடு கேட்டுப் பல்லாண்டு போராடியது இந்தக் குறுகலான வரையறையை எதிர்த்துத்தான். அவர்கள் கேட்டது பணிக்கொடை அல்ல, வீடு. சிலாங்கூர்த் தோட்டங்களில் களப்பணி செய்த ஆண்ட்ரூ வில்ஃபோர்டின் 2014ஆம் ஆண்டு நூல் இடப்பெயர்வை நீதி பற்றிய உணர்வாகவும், கோயிலை இழந்த மனக்காயமாகவும் படிப்பது இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சி.

இதுவரை சொன்னதைக் கேட்டு, அப்படியானால் காரணத்தை வரையறைக்குள் வைத்துவிடுவதே நியாயம் என்று ஒருவர் முடிவு கட்டலாம். மக்கள்மீது அக்கறையுள்ள ஆய்வாளர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டபோது இந்திய இளைஞர்களின் பங்கு பேசுபொருளானது. ‘தோட்ட இடப்பெயர்வால் விளைந்த வன்முறை’ என்று வரையறுத்துக்கொண்டு ஆய்வில் இறங்கினால், இடம்பெயர்ந்த வீட்டிலிருந்து வந்த குற்றவாளிகளை மட்டுமே சந்திப்போம். இடம்பெயர்ந்தும் கும்பலில் சேராத மிகப் பெரும்பான்மையினர் மாதிரியில் வரமாட்டார்கள். இடம்பெயராமலே சேர்ந்தவர்களும் வரமாட்டார்கள். நிரூபிக்க வேண்டியதை வரையறையே நிரூபித்துக் கொடுத்துவிடும். அந்த முடிவை மாற்றார் ஒரு கேள்வியில் சாய்த்துவிடுவார். அப்போது சாய்வது ஆய்வாளரின் பெயர் மட்டும் அல்ல, அவர் காக்க நினைத்த மக்களின் நியாயமும்தான். அக்கறை இருக்கிற இடத்தில்தான் வரையறையில் இரட்டிப்புக் கண்டிப்பு வேண்டும்.

கல்வி பற்றிய ஆய்வுகள் இந்தச் சமநிலையை ஓரளவு எட்டியிருக்கின்றன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல இடங்களில் பள்ளி என்றால் ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும், சில வேளை அந்த ஆசிரியரும் கிராணியே. பின்னாளில் தோட்டப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் தேறாமல் போனபோது, பெற்றோரின் அக்கறையின்மை, குடி, வீட்டுச் சூழல் என்று காரணம் அடுக்கப்பட்டது. தி. மாரிமுத்து 1993இல் வெளிவந்த தம் கட்டுரையில் தோட்டப்பள்ளியைச் சமூக மறுவாக்கத்தின் கருவி என்று வரையறுத்தார். அந்தப் பள்ளி தோற்றுப்போன நிறுவனம் அல்ல; அடுத்த தலைமுறைப் பால்வெட்டுத் தொழிலாளியை உருவாக்கும் வேலையைச் செம்மையாகச் செய்த நிறுவனம் என்பது அந்த வரையறையின் பொருள். இது காரணம் சார்ந்த வரையறைதான். ஆனால் சோதிக்கக்கூடியது: தோட்டத்தை விட்டுப் பள்ளி வெளியே வந்தால் தேர்ச்சி மாற வேண்டும். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டே புதிய குடியிருப்புகளின் பக்கத்தில் இயங்கும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தென்னமரம், துவான் மீ போன்ற பெயர்களின்கீழ் இன்று படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரில் எத்தனை பேர் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள், அந்தப் பிள்ளைகள் புகுமுக வகுப்பைத் தாண்டி எங்கே போகிறார்கள் என்று எண்ணினால், மாரிமுத்துவின் வரையறை எங்கே நிற்கிறது, எங்கே திருத்தம் கேட்கிறது என்பது தெரிந்துவிடும். இளம் ஆய்வாளர்களுக்கு இங்கே வேலை கொட்டிக் கிடக்கிறது.

அதைவிட அவசரமான வேலை ஒன்றும் இருக்கிறது. இன்று இந்தத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளிகள், இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர்கள். தேசியக் குடும்ப வருமான ஆய்வு குடிமக்களை மட்டுமே எண்ணுகிறது. ஆல்ஸ்டன் 2019இல் சுட்டிய குறைகளில் இதுவும் ஒன்று. முகவருக்குக் கொடுத்த கடனோடு வந்து, சம்பளத்தில் அதைக் கழித்துக்கொண்டு, கடப்பிதழ் அடுத்தவர் பெட்டியில் இருக்க வாழும் ஒருவர் எந்த வறுமைக்கோட்டின்படியும் ஏழை அல்ல. ஏனென்றால் அவர் எந்தக் கோட்டுக்கும் கீழே வைத்து எண்ணப்படுவதே இல்லை. கங்காணிக் கடனைப் பற்றி நூறு ஆண்டாக எழுதி, அதை எந்தப் பெயரால் அழைப்பது என்று வாதிட்ட ஆய்வுமரபு தமிழர்களிடம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளி என்ற சொல்லைத் தங்கள் ஆய்வேட்டில் வரையறுக்கும்போது இந்தப் புதியவர்களை உள்ளே வைக்கிறார்களா, வெளியே விடுகிறார்களா என்பதை அந்த மரபில் வரும் ஒவ்வொருவரும் எழுத்தில் சொல்லியாக வேண்டும். வெளியே விட்டால், ஏன் விட்டார்கள் என்பதையும் சேர்த்து.